தானாக வராத ஸ்டீரிங்

என் தங்கையின் காருக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பயந்து, மாத்தளைப் பிரதான வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு நான் இறங்கி ஓடப் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலையில். அதுவரை எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் கணித ஆசிரியை. வீடு மாத்தளையில், பாடசாலை இரத்தோட்டைப் பக்கம். பல வருடம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். பிறகு நாங்கள் ஒரு கார் வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து புது வாகனங்கள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. ஓடுகிற எதுவும் நல்ல வண்டி என்று பெயர் எடுத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்த ஒரு ஜப்பான் கார். என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தண்ணீர் குடித்த டம்ளரை மேசையிலேயே விட்டுப் போகிற மனிதர், அந்தக் காரின் சக்கர இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்.

என்னிடம் அனுமதிப்பத்திரம் முன்பே இருந்தது. பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உயிர்ப்பயம் மிகுந்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி ஒரு கையை எப்போதும் ஸ்டீரிங்கில் வைத்திருப்பார். வளைவு வந்தால் இரண்டு கையையும் வைப்பார். அந்த வண்டியை ஓட்டியது அவர்தான், நான் கூட இருந்தேன் என்று சொல்வதே நியாயம். ஆகவே உண்மையில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் என் கணவர்.

அவருடைய பாடம் சுருக்கமானது. "எவ்வளவு வளைச்சியோ அவ்வளவையும் நீயேதான் திருப்பிக் கொண்டுவரணும். ஒரு சுத்து போனா ஒரு சுத்து வரணும். அரை சுத்து போனா அரை சுத்து. வேற ஒண்ணுமில்ல."

கணக்கு டீச்சருக்கு இதைவிட அழகாக யாரும் கார் ஓட்டச் சொல்லித்தர முடியாது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே. இரத்தோட்டை வீதியில் வளைவுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வாய்க்குள் கணக்குப் போட்டபடி வளைப்பேன், அதே கணக்கைப் பிடித்து இழுத்துத் திருப்புவேன். பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது கரும்பலகையில் பாதிப் பாடம் நடத்தி முடித்த களைப்பு இருக்கும். கார் ஓட்டுவது என்றால் களைப்பு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் தங்கை வீட்டுப் படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவள் கணவர் கண்டிக்குப் போயிருந்தார். நான் என் வீட்டிலிருந்து நடந்தே அவள் வீட்டுக்குப் போய், அவளைப் பின்சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்து, அவளுடைய காரை எடுத்தேன். வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பிப் பிரதான வீதியில் ஏறினேன். முக்கால் சுற்று. வழக்கம்போல் அந்த முக்கால் சுற்றைத் திருப்பி இழுக்கக் கையை மாற்றிப் பிடித்தேன்.

ஸ்டீரிங் என் கைக்குள் உயிரோடு எழுந்தது. நான் இழுப்பதற்கு முன்பே அது தானாகச் சரசரவென்று சுற்றிக்கொண்டு வந்தது. அது வந்ததோடு நானும் சேர்ந்து இழுத்துவிட்டேன். கார் நேராகப் போவதற்குப் பதிலாக வீதியின் மறுபக்கம் பாய்ந்து, செவ்விளநீர்க் குலைகளை அடுக்கி வைத்திருந்த ஒரு தள்ளுவண்டியை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடத்துக்கும் குலைகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். அந்த ஆளாக இளநீர்க்காரர் நின்றுகொண்டிருந்தார், கையில் கத்தியோடு.

"அடியே, ஒன் ஸ்டீரிங்குக்குள்ள ஏதோ இருக்குடி!" என்று கத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"என்னக்கா இருக்கு?"

"நான் திருப்பல. அதுவா சுத்துது!"

பின்சீட்டில் தங்கை தன் கால்வலியை மறந்துவிட்டாள். "அதுவாத்தான்கா சுத்தும். வளைச்சிட்டு கையை லேசா விட்டா அதுவா நேரா வந்திடும்."

"ஒன் காருலயா?"

"எல்லாக் காருலயும்."

"எல்லாக் காருலயுமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை, ஏழாம் வகுப்பில் நானே சில பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இளநீர்க்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சிங்களத்தில் மிகவும் மரியாதையாக, "நோனா, இறங்கப் போறீங்களா, ஏறப் போறீங்களா?" என்று கேட்டார். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். வைத்தியசாலை போய்ச் சேரும்வரை அந்த ஸ்டீரிங்கைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி காருலதான் கோளாறு. கொண்டுபோய்க் காட்டச் சொல்லு."

"எல்லாக் காரும் அப்படித்தானாம்."

"தானா திரும்புற ஸ்டீரிங் எதுக்கு? வண்டிய ஓட்டுறது நீயா, அதுவா?"

எங்களோடு இருக்கும் மாமனார் தேநீரை ஆற்றியபடி மகனுக்குத் துணைக்கு வந்தார். அவர் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெகுகாலம் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த லொறியின் ஸ்டீரிங்கை வளைக்க இருக்கையை விட்டு எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது. "நம்ம கையால வளைச்சா நம்ம கையாலதான் நிமித்தணும்மா. அதுவா வரும்னு கையை விட்டா, அதுவா பள்ளத்துலயும் போகும்" என்றார். இரண்டு பேருக்கும் இதோடு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விடையைச் சொன்னால் 'நிறுவிக் காட்டு' என்று சொல்லியே பழகியவள் நான். மறுநாள் ஞாயிறு. "மைதானத்துக்குப் போய்ப் பார்த்திடுவோம்" என்றேன். கணவர், தன் காரின் மானத்தைக் காப்பாற்றும் உறுதியோடு சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். மாமனார் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மைதானத்தின் நடுவில் முதல் கியரில் வண்டியை மெதுவாக உருட்டி, ஸ்டீரிங்கை இடப்பக்கம் வளைத்துவிட்டு, "இப்ப பாரு" என்று கணவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

கார் இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டது. பிறகு அதே தடத்தில் இன்னொரு வட்டம். ஸ்டீரிங் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. யாரோ துப்பாக்கியை நீட்டி மிரட்டியதுபோல் அவர் கைகளைத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்க, எங்கள் கார் செக்கு மாடு மாதிரி நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மைதான ஓரமாக நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கையசைத்தார். நான் பதிலுக்குக் கையசைத்தேன். வேறென்ன செய்வது?

"கொஞ்சம் பொறு, வரும்" என்றார் கணவர்.

வரவில்லை. பின்சீட்டிலிருந்து மாமனாரின் குரல் பலவீனமாகக் கேட்டது. "டேய், நிப்பாட்டுடா. தலை சுத்துது."

அன்றிரவு சாப்பாட்டின்போது கணவர் என் முகத்தைப் பார்க்காமல், "காத்து கொறவா இருக்கும்" என்றார். அதுதான் முதல் சமரசம்.

காற்று அடித்தோம். டயரில் காற்றுக் குறைந்தால் ஸ்டீரிங் கனமாவது உண்டாம். கார் கொஞ்சம் உயர்ந்து நின்றது, மற்றபடி குணம் மாறவில்லை. பிறகு பவர் ஸ்டீரிங் எண்ணெய் பார்த்தோம். அளவாக இருந்தது. அடுத்து, அவர் ஆசையாக வாங்கி மாட்டியிருந்த ஸ்டீரிங் உறை. கரடியின் தோலைப் போல் ரோமம் வைத்தது. அது தடித்துப்போய்ப் பக்கத்தில் உரசுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். கழற்ற மனம் இல்லாமல் கழற்றினார். உரசல் எதுவும் இல்லை. ஆனால் நான் அதைத் திரும்ப மாட்ட விடவில்லை. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

பிறகு சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனோம். திரையில் எல்லாப் பெட்டிகளும் பச்சை நிறத்தில் வந்தன. ஒரு சிவப்பும் இல்லை. கணவரின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. "பார்த்தியா? கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறைக்கு அந்தக் காரே சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடமும் ஏ எடுத்ததுபோல் அந்தத் தாளை மாமனாரிடம் காட்டினார்.

"பச்சையாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்ட மாமனார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆனா வண்டி சுத்துதேடா."

மைதானத்துச் சுற்றல் அவரை அசைத்திருந்தது. அன்றைக்கு அவர் என் பக்கம் வந்துவிட்டார்.

இரத்தோட்டை வீதியில் ஒரு கராஜ் இருக்கிறது. அதன் பாஸ் பெரிய உடம்புக்காரர், அதைவிடப் பெரிய நம்பிக்கைக்காரர். பாடசாலை விடுமுறை தொடங்கியதும் காரை அங்கே கொண்டுபோனோம். அவர் காரில் ஏறி, கராஜ் முற்றத்திலேயே ஒரு தடவை வளைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ரேக் போயிருச்சு சேர்."

ரேக் என்பது ஸ்டீரிங் சுற்றுவதை இரண்டு சக்கரங்களுக்கும் இடவலமாகக் கடத்துகிற பெரிய உறுப்பு. அதை மாற்றுவது என்றால் காரின் முன்பாதியைக் கழற்றுவதற்குச் சமம். கணவர் வைத்தியர் முன்னால் நோயாளியின் உறவினர் நிற்பதுபோல் நின்றார்.

"வேற என்னவா இருந்தா இப்படி நடக்கும்?" என்று கேட்டேன்.

"வேற பல விஷயத்தாலயும் நடக்கும் டீச்சர்."

"அப்ப அதெல்லாம் இல்லன்னு எப்படித் தெரியும்?"

பாஸ் கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவரோ, நான் சுவாரசியமான ஒரு விளையாட்டைச் சொல்லிவிட்டதுபோல், "சரி, ஒண்ணொண்ணாப் பார்ப்போமே" என்று ஜாக்கை இழுத்துவந்தார்.

முன்பக்கத்தைத் தூக்கினார். இரண்டு சக்கரங்களும் அந்தரத்தில் நின்றன. "சேர், இப்ப சுத்துங்க." கணவர் ஸ்டீரிங்கைச் சுற்றினார். தரையே தொடாத சக்கரம், அப்போதும் முக்கி முனகித்தான் திரும்பியது. "அப்ப டயரும் இல்ல, காத்தும் இல்ல" என்றேன். நாங்கள் ஊதி ஊதி அடித்த காற்றையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பிறகு, ரேக்கையும் சக்கரங்களையும் இணைக்கும் கம்பிகளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டார். இப்போது ஸ்டீரிங் சக்கரங்களைவிட்டுத் தனியாகிவிட்டது. கணவர் சுற்றினார். ஒரே விரலால், வெண்ணெயில் கரண்டி விட்டதுபோல், சுற்றியது.

"ரேக் நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"அருமையா இருக்கு" என்றார் பாஸ். "ரேக்கு பழுதுன்னு யாரு சொன்னது?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். அடுத்து, இணைப்பு இல்லாமல் தொங்கிய சக்கரங்களைக் கையாலேயே இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கச் சக்கரம் முனகலோடு திரும்பியது. இடப்பக்கத்தது திரும்பவே அழுதது. நோய் ஸ்டீரிங்கில் இல்லை, சக்கரத்தின் பக்கம்தான் என்று அங்கே தெரிந்துபோயிற்று. ஆனால் சக்கரத்தின் பக்கம் எங்கே? கீழே ஒரு மூட்டு இருக்கிறது, மேலே ஒரு மூட்டு இருக்கிறது. இரண்டில் எது இறுகினாலும் இதே கதைதான்.

பாஸ் கம்பிகளை மறுபடி மாட்டினார். தானே கீழே படுத்து அடிமூட்டைப் பார்ப்பதாகச் சொன்னார். கணவர் ஸ்டீரிங்கில். மேலே பார்க்க ஆள் இல்லை. "டீச்சர், இந்தா, இந்த ஸ்பிரிங்கில வெளிப்பக்கமா உள்ளங்கைய வைங்க. நடுவுல விரலை விட்டுடாதீங்க. சேர் சுத்தும்போது என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கனமான சுருள்வில்லில் கையை வைத்தேன். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வீதியில் போன பஸ் ஒன்றிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் அடுத்த தவணை என் கதி என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

கணவர் சுற்றத் தொடங்கினார். ஸ்பிரிங் அசையவில்லை. பிறகு என் உள்ளங்கைக்குள் அது மெல்ல முறுகியது. கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் தோளில் கை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஓர் இறுக்கம். இன்னும் முறுகியது. சட்டென்று 'டங்' என்று துள்ளி விடுபட்டது.

"குதிக்குது!" என்று கத்தினேன். "பாஸ், குதிக்குது!"

"இன்னொரு தடவ சுத்துங்க சேர்."

முறுகல், முறுகல், டங். பாஸ் கீழேயிருந்து வெளியே வந்து தானும் கை வைத்துப் பார்த்தார். அவர் முகம் பெருமையில் விரிந்தது, தன் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கியதுபோல். "மேல உள்ள பேரிங். அங்கதான் இறுகி இருக்கு."

ஸ்பிரிங்கின் தலையில், அது காரோடு சேரும் இடத்தில், சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வதற்காகத் தட்டையான ஒரு பேரிங் இருக்கிறது. அவர் அதைக் கழற்றி என் கையில் தந்தார். உள்ளே சுழல வேண்டிய சின்ன உருண்டைகள் துருவும் சேறுமாக ஒன்றோடொன்று ஒட்டிப்போய், உடைந்த பிஸ்கட்டைப்போல் உதிர்ந்தன. சக்கரத்துக்கு நேராகிவிட வேண்டும் என்ற ஆசை எப்போதும் இருந்திருக்கிறது. இதுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் எப்படி இவ்வளவு உள்ளே போனது என்று பாஸ் வியந்தார். பிரஷ்ஷும் தண்ணீர்க் குழாயுமாக ஞாயிறுதோறும் நடந்த அபிஷேகத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கணவர் தொலைவில் தெரிந்த மலையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டார்கள். கணவர் ஓட்டுநர் இருக்கையில் கம்பீரமாக ஏறினார். நான் பக்கத்தில். கராஜ் வாசலிலிருந்து வீதிக்குத் திரும்பினார். பழக்கதோஷம், வளைத்ததை அப்படியே இழுத்துத் திருப்பினார். ஸ்டீரிங்கும் தன் பங்குக்குத் திரும்பியது. கார் வலப்பக்கம் பாய்ந்தது. பதறி இடப்பக்கம் இழுத்தார். அதுவும் சேர்ந்து வந்தது. நாங்கள் வீதியில் எட்டு எட்டாக எழுதிக்கொண்டு போக, பாஸ் பின்னால் ஓடிவந்தபடி கத்தினார்:

"கையை விடுங்க சேர்! கையை விடுங்க!"

மனிதருக்குக் கையை விட மனமே வரவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீ ஓட்டு" என்றார். செவ்விளநீர் வண்டியோடு ஒத்திகை பார்த்திருந்த நான், அன்று அவரை வீடு கொண்டுவந்து சேர்த்தேன்.

மாமனார் கேட்டிலேயே காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். நேரே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பல வருடங்களாக அவர் எந்த வண்டியிலும் அங்கே உட்கார்ந்ததே இல்லை. வீட்டுக்கு முன்னால் இருக்கும் எங்கள் ஒழுங்கையிலேயே மெதுவாக உருட்டி, முனையில் வளைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையைத் தளர்த்தினார். ஸ்டீரிங் அவருடைய உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு வந்து நேராக நின்றது.

"ஏய், வருதும்மா!" என்றார்.

ஒழுங்கையின் மறுமுனைக்குப் போய் இன்னொரு தடவை வளைத்தார். "இங்க பாரு, வருது!" எழுந்து நின்று லொறி வளைத்த கைகள் அவை. அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் பல் தெரியச் சிரித்தது அன்றுதான். பக்கத்து வீட்டார் வெளியே வந்து பார்க்கும்வரை ஒழுங்கையில் போவதும் வருவதுமாக இருந்தார். அவரை இறக்க, சோறு ஆறுகிறது என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த வாரத்தில் ஒருநாள் கணவரும் என்னோடு காரில் வந்தார். இரத்தோட்டைப் பக்கம் அவருக்கு ஏதோ அலுவல் இருந்தது. நான் வளைவுகளில் வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்துவதும், ஸ்டீரிங் தானாக வருவதும் அப்போது எனக்குச் சாதாரணமாகிவிட்டிருந்தது. அவர் வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எங்க ஆபீஸ் ஜீப் இருக்குல்ல."

"ஆமா."

"அதுவும் இப்படித்தான். தானா வரும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு தடவ ஓட்டினேன். அது கோளாறுன்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கராஜுக்கு அனுப்பச் சொல்லி நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"அனுப்பினாங்களா?"

"ரெண்டு தடவ அனுப்பினாங்க. ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கராஜ்காரனுக்கு வேலை தெரியலன்னு நான் மறுபடியும் எழுதினேன்."

அடுத்த வளைவுக்கு முன்னால் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து வீதி தெரியவில்லை. அவர் முதலில் முறைத்தார். பிறகு அவரும் தொடங்கினார். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்து முடித்து, நான் பாடசாலைக்குப் போனபோது முதல் மணி அடித்துவிட்டிருந்தது.